வேல்விழியின் ழகரமும் பெயர் கேளா வாசலும்

ஈரத்துண்டுகளின் பேரரசரும், சாரலுக்கும் கலையாத தலைமுடியருமாகி, குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் இருபது அறைகளை ஆளும் விடுதி மேலாளர் வல்லிநாயகம் வாழ்க! ஓர் எழுத்திடம் அவர் பட்ட பாட்டைப் பாடுவோம்.

மதுரை நிறுவனமொன்றின் வேல்விழி காலையில் போன் செய்திருந்தார். நாற்பது பேருக்கு இருபது அறையும் வேண்டும். நான்கு மணிக்குள் விவரம் மெயிலில் வராவிட்டால் வேறு விடுதி. அவர் சொன்ன முகவரியை அருவி இரைச்சலில் குறித்து, வல்லிநாயகம் பன்னிரண்டுக்கு அனுப்பிய மெயில் திரும்பவுமில்லை; பதிலுமில்லை. மூன்று மணிக்கு ஐயமென்னும் அம்பு மார்பில் தைத்தது: வேல்விழியின் ழகரம் ஆங்கிலத்தில் எது? மறுபடி கேட்டால் மானம் என்னாவது?

முகவரி சரிபார்க்கும் இணையதளத்தின்மேல், இசட்-எச் என்னும் யானைப்படையையும், எல் என்னும் குதிரைப்படையையும், தனி இசட் என்னும் காலாட்படையையும் ஏவினார். மூன்றுக்கும் பச்சைக்கொடி!

“ஏம்மா ஜைனப், மூணும் சரிங்குதே!”

“அவிய பேருக்குப் பதிலா மந்தின்னு போட்டுப் பாருங்க அண்ணாச்சி” என்றாள் வரவேற்பு மேசையை ஆளும் ஜைனப்.

போட்டார். மந்திக்கும் பச்சை.

அறிக: அத்தளம் மெயில் அனுப்பிப் பார்ப்பதில்லை, எதிர் நிறுவனத்தின் சர்வர் வாசலில் நின்று, ‘இப்பெயருக்கு வந்தால் வாங்குவீரோ?’ என்று மட்டும் கேட்கும். ஆளில்லாப் பெயரை மறுப்பதே வாசல்களின் வழக்கம். இதுவோ கேட்ச்-ஆல் எனப்படும் கொடைமடம் பூண்ட வாசல். அடியில் தலைகொடுப்போரிடம் பேரருவி பெயர் கேளாததுபோல், எப்பெயரையும் ஏற்று, உரியவரில்லா மடல்களை எவரும் திறவாத ஒரே பெட்டியில் கொட்டுவது.

“அப்போ மூணுக்குமே அனுப்புதேன்!” என்று முழங்கினார் வல்லிநாயகம்.

“போன சீசன்ல கண்ட முகவரிக்கெல்லாம் அனுப்புனிய. யாரும் தொறக்கல. இப்ப நம்ம மெயிலு பாதிப்பேருக்கு ஸ்பாம்லதான் விழுது. போன் இருக்குல்லா? அவியளையே முதல்ல ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்க. அதுக்கு ரிப்ளை கொடுத்தா முகவரியும் தப்பாது, ஸ்பாமுக்கும் போவாது.”

மணி மூன்று ஐம்பது. மானத்தை மடித்துப் பையில் வைத்து, மாவீரர் போன் செய்தார். மடல் வந்தது, முப்படையும் வெட்கின. ழகரம் இசட்-எச்சாகவே நின்றது. எவரும் காவல் வைக்காத, பெயரின் முன்பாதியான ‘வேல்’ என்பதில்தான் இரண்டு எல்.

வல்லிநாயகம் அந்த மெயிலுக்கு ரிப்ளை அழுத்தி விவரத்தை அனுப்பினார், இருபது அறையும் புக் ஆகிவிட்டது.