சாகாத கோட்டு

மீட்டர் ரீடர் எதிர்வீட்டு இரும்புக் கேட்டின் கூர்முனையில் தன் கோட்டை மாட்டி, பலங்கொண்ட மட்டும் இழுத்தார். ஏதோ வளைந்தது. பார்த்தால், கேட்டு.

"யோவ், என்னய்யா பண்றே?" என்று வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

"மாட்டிக்கிச்சு சார்!"

கோட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வெல்டரை அழைத்து வந்து கேட்டை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, அதே கோட்டைப் போட்டுக்கொண்டு மீட்டர் பார்க்கக் கிளம்பினார்.

மாமனார் கொடுத்த கோட்டு அது. குப்பையில் கிடந்த பாட்டில்களை உருக்கி, நூலாக்கி, நெய்தது. மழை இறங்காது, குளிர் அண்டாது. ஆனால் நிறம் ஆரஞ்சு. உள்ளே அடைத்திருந்த பஞ்சில் ஆள் இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரிந்தார். ஆபீஸில் அவருக்குப் பெயரே 'சிலிண்டர்' என்றாகிவிட்டது.

மாமனாருக்கு ஏதோ துணிக் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று மாப்பிள்ளை ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் அவருடைய மாடி வீடு காலியாகப் போவது நன்றாகவே தெரியும். ஒற்றை அறைக் குடித்தனத்திலிருந்து தப்ப வேறு வழியில்லாததால், கோட்டு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மாப்பிள்ளை கை பட்ட குடை, செருப்பு, கடிகாரம் எதுவும் ஆறு மாதம் தாண்டியதில்லை. கோட்டும் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

அன்று மாலை கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வாஷிங் மெஷினை மூன்று தடவை ஓட்டினார். மெஷின் புகைந்து நின்றது. கோட்டு பளபளவென்று வெளியே வந்தது.

"என்னங்க, கோட்டையா துவைச்சீங்க?" என்றாள் மனைவி.

"உங்கப்பா கொடுத்ததாச்சே. அழுக்கா போட்டுக்கலாமா?"

அவள் காலண்டரைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தேடப் போனாள்.

மறுநாள் கோட்டைப் பஸ்ஸில் வேண்டுமென்றே விட்டுவிட்டு இறங்கினார். அவருக்கு முன்னால் கோட்டு வீட்டுக்கு வந்திருந்தது. மனைவி உள்பக்கம் தன் போன் நம்பரை எழுதித் தைத்திருந்தாளாம். கண்டக்டர் நல்லவர். நல்லவர்கள் தொல்லை தாங்க முடியவில்லை.

கடைசியில், ஜவுளிக்கடை வாசலில் பழைய துணிக்காக வைத்திருந்த பெட்டிக்குள் அதைத் திணித்துவிட்டு, விசிலடித்தபடி வீடு திரும்பினார்.

"அப்பா வந்துக்கிட்டிருக்காரு. மாடி வீட்டுச் சாவியும் கொண்டு வராராம். கோட்டை எடுத்து வைக்கச் சொன்னாரு" என்றாள் மனைவி.

சிலிண்டர் ஜவுளிக்கடைக்குத் திரும்பி ஓடினார். பெட்டி பூட்டியிருந்தது. துவாரத்தில் தோள்வரை கையை விட்டார். கோட்டு சிக்கியது, கையும் சிக்கியது.

"பழந்துணியைக்கூட விட மாட்டீங்களாய்யா?" என்று கடைக்காரர் தெருவையே கூட்டினார். துவாரத்தில் தலைகாட்டிய கோட்டின் உள்பக்கம் மனைவி தைத்திருந்த நம்பருக்குப் போன் போட்டு விசாரித்த பிறகுதான் பெட்டியைத் திறந்தார். மானம் போயிற்று. கோட்டு மிஞ்சியது.

மாமனார் வந்தபோது மாப்பிள்ளை வேர்க்க வேர்க்கக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். மாமனார் தையலை இழுத்துப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"புதுசு மாதிரியே இருக்கே, மாப்ளே?"

"கண்ணு மாதிரி பாத்துக்கிட்டேன் மாமா. ஒரு தூசு பட விடலை."

"போச்சு!" மாமனார் தலையில் கை வைத்தார். "இது எவ்வளவு தாங்குதுன்னு நாளைக்கு நான் கம்பெனியில ரிப்போர்ட் கொடுக்கணும். எதைக் கொடுத்தாலும் நாசம் பண்ணிடுவீங்கன்னு நம்பித்தானே உங்ககிட்ட கொடுத்தேன்!"

மனைவி ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

"கவலைப்படாதீங்கப்பா. கேட்டு, மெஷின், பஸ், பெட்டி... ஒண்ணு விடாம தேதி போட்டு எழுதியிருக்கேன். சாவியை மட்டும் எங்கிட்ட குடுங்க."