கொம்பியூட்டர் தெரியாதவர் என்பதற்கான சான்றிதழ்

கிட்ட வந்து இருங்கோ, இது உரத்துச் சொல்லுகிற கதையில்லை. சண்டைக் காலத்தில், வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளிநாட்டில் கொம்பியூட்டர் படிக்க வேண்டும் என்று கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வழக்கம் வந்திருந்தது. பத்மாவதி வீட்டில் அந்தக் கடமை அவவின் மூத்த மகன் சிவானந்தனுக்கு. சிங்கப்பூரில் கடைசி வருடம். தங்கச்சியின் கலியாணத்துக்கு வந்தவன் வெள்ளிக்கிழமை பிளேன் ஏற வேண்டும். ஏறினால் கடைசிச் சோதனை எழுதலாம், பட்டம் எடுக்கலாம். ஏறாவிட்டால் படிப்பும் போய், விசாவும் போய், மற்றப் பெடியங்களைப் போல அடையாள அட்டையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஆமிக்காரரின் ரவுண்டப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் கிழமை காலி வீதிச் சென்றியில் ஆமிக்காரர் மறித்து அவனுடைய பையைக் கிண்டினார்கள். அவன் படிப்புச் சோதனைக்குக் கொடுக்கவேண்டிய வேலை முழுவதும் இருந்த பிளொப்பித் தட்டு அகப்பட்டது. உள்ளே என்ன என்று கேட்டார்கள். புரோகிராம் என்றான். ஆர் செய்தது என்று கேட்டார்கள். தான்தான் என்று பெருமையாகச் சொன்னான். படித்த பிள்ளைகள் விடுகிற பிழை அதுதான். பிளொப்பி ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போனது, அவனும் பின்னால் போனான்.

இலத்திரனியற் பொருட்கள் ஆராய்வுப் பணியகம் என்பது அந்தக் கந்தோரின் திருநாமம். பணிப்பாளர் கொன்ஸ்ரன்ரைன் கொட்டாஞ்சேனை ஆள், தங்கமான மனிதர். அங்கே ஏசி அறைக்குள் ஒரு கொம்பியூட்டர் வீற்றிருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். மந்திரி ஒருவர் வந்து திறந்துவைத்த நாளுக்குப் பிறகு, பழுதாகிவிடும் என்ற பொறுப்புணர்ச்சியால், அதை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை.

தானே போட்டுக் காட்டுவதாகச் சிவானந்தன் சொன்னான்.

"அது சரிவராது தம்பி," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "நீங்க விசயம் தெரிஞ்ச ஆள், எதையாவது ஒளிச்சுப்போடுவீங்க. ஒண்டும் தெரியாத ஆள் பார்த்தாத்தான் நடுநிலை."

"தெரியாத ஆள் பார்த்தா என்ன சேர் விளங்கும்?"

"அதுக்குத்தானே தம்பி எங்களைத் தெரிவு செஞ்சு போட்டிருக்காங்க."

பிளொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர் காதடியில் குலுக்கினார், இன்னொருவர் மூக்கடியில் வைத்து மணந்து பார்த்தார். தேத்தண்ணி குடித்தபின் முடிவு எழுதப்பட்டது: கண்ணுக்கெட்டியவரை உள்ளே ஒன்றுமில்லை. எனினும் கொம்பியூட்டர் தெரிந்தவர் கையில் இது ஆபத்தான பொருள். தெரியாதவர் கையில் வெறும் பிளாஸ்ரிக். ஆகவே, உரிமையாளர் தெரியாதவர் என்பது நிரூபிக்கப்படுமிடத்து விடுவிக்கலாம்.

சிவானந்தனைக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி, அதைப் போடச் சொன்னார்கள். கை தன்பாட்டில் சுவிச்சுக்குப் போனது. வெள்ளிக்கிழமையை நினைத்து இழுத்துக்கொண்டான். ஒன்றும் தெரியாதவன்போல முழுசி, "சேர், டைப் அடிக்கிற பேப்பரை இதில எங்காலை செருகிறது?" என்றான்.

அங்கிருந்த எல்லாருக்குமே நெடுநாளாக அந்தச் சந்தேகம் இருந்தது. "பாவம், இந்தப் பிள்ளையைப் போய்ப் பிடிச்சு வச்சிருக்காங்களே," என்று கொன்ஸ்ரன்ரைன் உருகிப்போனார். கொம்பியூட்டர் தெரியாதவர் என்று சான்றிதழ் எழுதிச் சீல் குத்திக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பிளொப்பியும் பறந்தது, பெடியனும் பறந்தான்.

செய்தி ஒழுங்கைக்கு ஒழுங்கை பரவியது. அதுவரை 'என்ர மகன் கொம்பியூட்டர்' என்று சொல்லித் திரிந்த தாய்மாரெல்லாம், தங்கள் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது என்று சான்றிதழ் கேட்டு அந்தக் கந்தோர் வாசலில் சண்டை பிடித்தார்கள். நுகேகொடை ரியூட்டரியில் காசு கட்டிக் கொம்பியூட்டர் டிப்ளோமா முடித்த பெடியங்கள் நடிக்காமலே தேறினார்கள்.

சிவானந்தன் பட்டம் எடுத்தான். சிங்கப்பூர் விசா முடிந்து வெள்ளவத்தைக்கே வந்து சேர்ந்த நேரம், கொன்ஸ்ரன்ரைன் பென்சனில் போக அந்தக் கதிரை காலியானது. அந்தக் கந்தோர் அட்டையைக் காட்டினால் எந்தச் சென்றியிலும் மறிக்கமாட்டார்கள். சிவானந்தன் இருந்து யோசித்தான். பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அந்தச் சான்றிதழை மட்டும் இணைத்து அந்தக் கதிரைக்கு மனுவை அனுப்பினான்.