கடைசிச் செடியின் சொந்தக்காரர்

செடி வளர்ப்பவர்களில் ஒரு சாரார், பூத்தால் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டி, கிளையையும் ஒடித்துக் கையில் கொடுத்தனுப்புவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நம் ஆள் வேறு ஜாதி. பெயர் அபூர்வக்காரர். 'இது வேறு யாரிடமும் இல்லை' என்ற எண்ணத்தைத்தான் இவர் வளர்க்கிறார். தண்ணீர் மட்டும் செடிக்கு.

நமக்கு வாய்த்த அபூர்வக்காரர் ஒரு பல் டாக்டர். தொழில் தோதாக அமைந்துவிட்டது. வந்தவரை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் மாட்டி, இனி இந்த ஆளால் பதில் பேச முடியாது என்று உறுதியான பிறகு ஜன்னலைக் காட்டுவார்.

"அதோ, பால்கனியில பாருங்க. கத்தரிப்பூ கலர்ல பூ, நடுவுல மஞ்சள் பொட்டு. துண்டுக் கடற்கரை ஒண்ணு இருக்கு, அங்க மட்டும்தான் முளைக்கும். வேற எங்கயும் வராது. நம்மகிட்ட வந்திருக்கு!"

"ஆ..." என்பார் நோயாளி.

வலியில் வந்த சத்தம். டாக்டர் அதை வியப்பில் சேர்த்துக்கொள்வார்.

கிளை கேட்டால்? மழை என்றால் ஈரம் ஆகாது, வெயில் என்றால் சூடு ஆகாது, பூத்திருந்தால் பூக்கும்போது வெட்டக்கூடாது, பூக்காவிட்டால் பாவம், ஓய்வெடுக்கிறது. உதிர்ந்த பூவைக்கூட அவரே பொறுக்கிவிடுவார். சொந்த மைத்துனி ஊருக்குக் கிளம்பினாலும் பால்கனிக் கதவை மறித்து நின்றபடிதான் வழியனுப்புவார்.

ஒருநாள், செடியைப் பற்றிக் கேள்விப்பட்டு, கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் வந்தார். பல்லில் ஒரு குறையும் இல்லை. வாயும் காலியாக இருந்தது. டாக்டருக்கு அப்போதே சங்கடம்.

"புயல் அந்தக் கரையையே துடைச்சிட்டுப் போயிடுச்சு, டாக்டர். தேடாத இடமில்ல. ஒரு செடிகூட மிஞ்சல."

"அப்போ... என்கிட்ட இருக்கிறதுதான் கடைசியா?"

குரல் நடுங்கியது. ஆசிரியை அதைத் துக்கம் என்று நினைத்து ஆறுதல் சொன்னார். பிறகு, திரும்ப அங்கே நட, ஒரு கிளை கேட்டார். டாக்டர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

"ஏங்க, ஒரு கிளைதானே? குடுத்துத் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது," என்றவர், மறுநாளே ஆளை வரவழைத்துச் செடியைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு கட்டிப் பூட்டுப் போட்டார். சாவி, பல் பிடுங்கும் குறடுகளோடு மேசை இழுப்பறைக்குள் பத்திரமாகப் போயிற்று.

கடல் காற்றில் பேயாட்டம் ஆடி வளர்கிற செடி. அதை இடுக்கில் வைத்து மூடினால் என்ன ஆகும்? இலை தொங்கியது. பழுத்தது. கொட்டியது. டாக்டர் அழுதார். நிஜமாகவே அழுதார், அதைக் கேலி செய்ய யாருக்கும் மனம் வராது. உடனே ஆசிரியைக்குப் போன் போட்டார்.

அவர் ஓடிவந்து, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். "இந்த ஒரு கிளையில மட்டும் உயிர் இருக்கு. இப்பவே வெட்டிக் குடுங்க. எங்க தோட்டத்துல வச்சுப் பிழைக்க வச்சிடலாம்."

"பிழைச்சா அதோட நின்னுடுமா?"

"ஏன் நிக்குது? அதுலேர்ந்து வெட்டி வெட்டி நடலாம். அந்தக் கரை முழுக்க ஆயிடும், டாக்டர்!" என்றார் ஆசிரியை, சந்தோஷமாக.

அங்கேதான் அந்த அம்மாள் தவறிழைத்தார்.

"நாளைக்கு வாங்களேன்," என்றார் டாக்டர்.

மறுநாள் வந்தார். கிளை சுள்ளியாகியிருந்தது.

இப்போது அந்தச் சுள்ளி கண்ணாடிச் சட்டத்துக்குள் கிளினிக் சுவரில் இருக்கிறது. டாக்டர் முன்னைவிடத் தெம்பாக இருக்கிறார். "உலகத்துலயே கடைசிச் செடி இருந்தது நம்ம வீட்லதான்," என்கிறார். இனி யாரும் கிளை கேட்க முடியாதல்லவா?

என்ன மனுஷன் என்று தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நியாயம்தான். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை. ஆனால் போன மாதம் எதிர் வீட்டுப் பெண் உங்கள் சட்டையைப் பார்த்து, "இவ்வளவு கச்சிதமா யார்கிட்டத் தைச்சீங்க?" என்று ஆசையாகக் கேட்டாளே, அப்போது, "அந்தத் தையல்காரர் கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரே" என்றது யார்?