விடைத்தாளின் முதல் பக்கம்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நலமாக இருப்பது அம்மா மட்டும். என் பயமே அதுதான்.

நாற்பத்தேழு வயதில் அம்மா பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதுவது உங்களுக்குத் தெரியும். தேறினால் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. தேறாவிட்டால் ஓய்வுபெறும்வரை அதே நீராவியில் வேக வேண்டியதுதான். நேற்று முன்தினம் கணக்குத் தேர்வு. "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். "கணக்கு பரவால்ல. முதல் பக்கம்தான் ரொம்ப ஈஸி. பேரு, பொறந்த தேதி... உனக்கு எத்தனை ஃபாரம் நிரப்பியிருக்கேன்! கை தானா ஓடுச்சு." அந்த முதல் பக்கத்தின் நகலாக அவளுக்குத் தந்த ஒப்புகைச் சீட்டை அவள் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சித்தி, தேர்வர் பெயர் என்ற இடத்தில் என் பெயர்! பிறந்த தேதியும் என்னுடையது. பெற்றோர் கையொப்பத்துக்கு அதில் இடமே இல்லை. அம்மா தானே ஒரு கோடு கிழித்து அதன்மேல் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். இந்தத் தாளில் அம்மா தேறினால், பத்தாம் வகுப்பில் நான் இன்னொரு முறை தேறுவேன்.

சொல்லலாமென்றால் நாளை அறிவியல் தேர்வு. பதறி அதையும் கோட்டைவிடுவாள். நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று எல்லோரிடமும் சொல்வீர்களே, அந்தப் பட்டதாரி தேர்வு அலுவலகத்துக்கு நான்கு முறை போன் செய்து, மணி அடித்ததுமே வைத்துவிட்டாள். ஐந்தாவது முறை எடுத்தவர் "யாருங்க?" என்றார். நானே "ராங் நம்பர்"னு சொல்லிட்டேன் சித்தி. ஆள்மாறாட்டம்னு கேஸ் போட்டுட்டா? என் பட்டத்தையும் பிடுங்கிட்டா? சோறு இறங்கல. உங்களிடம் போனில் சொன்னால் இந்த ஒற்றை அறையில் அம்மா காதில் விழும். அதான் கடிதம். நீங்க பேசினா அந்த ஆபீஸே எழுந்து நிக்கும். கிடைத்த நிமிஷமே பேசுங்கள்.

சித்தப்பாவுக்கு வணக்கம். பிள்ளைகள் என்னைப் போலில்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நடுங்கிக்கொண்டே,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: உறையை ஒட்டும்போது தேர்வு அலுவலகத்திலிருந்தே போன். "உங்க பேர்ல இருக்கிற தாளை எழுதினது உங்கம்மாதானா?" போனில் அவருக்குப் பின்னாலிருந்து, கடைக்கென்று சொல்லிப் போன அம்மாவின் குரல்: "அதுகிட்ட ஏன் சார் கேக்கறீங்க? பயந்த புள்ள. வீட்டுக்கு வந்தப்புறம்தான் எனக்கே உறைச்சுது. அதுக்குத் தெரியாம மறைச்சு வெச்சிருக்கேன். பதிவெண் சரியா இருக்குல்ல? பேரை மாத்துங்க." மாற்றிவிட்டார்களாம். பிறகு அம்மா போனை வாங்கினாள். உங்களுக்குக் கடிதம் எழுதிவிட்டதைச் சொன்னேன். "ஐயையோ, அனுப்பிடாத! ஆபீஸ்னாலே அவ நடுங்குவா. அவளுக்கும் சேர்த்து நான்தானே எல்லா எடத்துலயும் பேசினேன். அவ குணம்தான்டி உனக்கு!"