மூணு சொன்னால் கரண்ட் போகும்

"மறுபடியும் போச்சு!" என்று மனைவி சமையலறையிலிருந்து கத்தினாள்.

புது மைக்ரோவேவை இன்று காலைதான் பிரித்து வைத்தார்கள். அதற்குள் வீட்டு பிரேக்கர் இரண்டு முறை விழுந்துவிட்டது.

"என் தம்பியைக் கூப்பிடவா? எலக்ட்ரீஷியன்தானே அவன்?"

"வேண்டவே வேண்டாம்!" என்றார் கணவர்.

தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவர், மச்சான் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதா? போன வருஷம் இவர் டேபிள் ஃபேனைச் சரிசெய்த லட்சணத்தையே அந்தப் பயல் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

பிரேக்கர் பெட்டி, மாமியார் தங்கியிருந்த அறையில் இருந்தது. அவர் வந்த அன்றே, "ஆபத்துன்னா முதல்ல இதை இறக்கணும் அத்தை" என்று மாப்பிள்ளை பாடம் எடுத்தாயிற்று. இப்போது போய் அதை மேலே தள்ளினார்.

"பயப்படாதீங்க அத்தை. சின்னக் கோளாறுதான்."

"உங்க உடம்புக்கு ஒண்ணும் ஆகலையே மாப்பிள்ளை? அது போதும்."

லோடு அதிகம் என்று ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டார். பிறகு தொழிற்சாலை வழக்கப்படி தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"எல்லாரும் தள்ளிக்குங்க! போடப் போறேன்! ஒண்ணு, ரெண்டு, மூணு!"

போச்சு.

"பிளக் பாயின்ட்தான் சரியில்லை" என்று மைக்ரோவேவை ஹாலுக்குத் தூக்கிப்போனார். ஒண்ணு, ரெண்டு, மூணு. அங்கேயும் போச்சு. விடுவாரா? ஸ்விட்ச் போர்டையே கழற்றி மாட்டினார். ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. ஃபேன் ஸ்விட்சைத் தட்டினால் காலிங் பெல் அடித்தது. ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ்கிரீம் உருகி ஹாலைப் பார்த்துப் புறப்பட்டது.

"இன்னும் அஞ்சே நிமிஷம்" என்றார், கொஞ்சமும் அசராமல்.

மனைவி தம்பிக்கு போன் போட்டாள்.

மச்சான் வந்தான். ஒரு கப் தண்ணீரை உள்ளே வைத்தான். வாயே திறக்காமல் பட்டனைத் தட்டினான். மைக்ரோவேவ் சமர்த்தாகச் சுற்றியது. தண்ணீர் கொதித்தது.

"இதுல ஒரு கோளாறும் இல்லையே மாமா!" என்று பல்லைக் காட்டினான்.

பாதுகாப்பு அதிகாரிக்கு மானமே போய்விட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மிஞ்சிய ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, மூணு சொல்லாமலா போட்டே? மாப்பிள்ளைக்கு ஷாக் அடிச்சுடக் கூடாதேன்னு, அவர் மூணு சொல்றப்பல்லாம் நான்தானேடா பிரேக்கரை இறக்கினேன்!"