ஒற்றைக்கால் கோல்ஃப்

இந்த 1988ஆம் ஆண்டில் ஒரு பெரிய சபதம் எடுத்தேன். கோல்ஃப் அடிக்கும்போது விழக்கூடாது.

சிரிக்காதீர்கள். பாரிசுக்கு வெளியே, கூசேன்விலுக்கு அப்பால் ஒரு கோல்ஃப் கிளப்பின் உணவகத்தில் நான் கோப்பை கழுவுகிறேன். திங்கட்கிழமை உணவகம் பூட்டு. அன்றைக்கு வேலையாட்கள் ஓசியில் பந்தடிக்கலாம். நான் வீசினால் பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். நான்தான் உருண்டு போவேன்.

"வாமதேவன் அண்ணை, குழிக்குள்ளை பந்துதான் விழவேணும். நீங்களில்லை," என்பான் சமையற்காரன் வின்சன்ற். மன்னார்க்காரன். பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பல் முழுக்க இந்தக் கதையைப் பரப்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்து அழாக்குறையாகச் சொன்னேன். என் மனைவி கலாவதி சிரித்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பாரிஸ் வரும் வழியில் பெர்லினில் மாட்டுப்பட்டுக் கிடந்த நாட்களில், அவள் ஷெல்லடிக்குத் தப்பி ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தாள். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. அதன்பிறகு அவள் சிரித்து நான் கண்டதில்லை. இன்னும் நாலு தரம் விழலாம் போலிருந்தது.

"இஞ்சாருங்கோ, நான் துப்பரவாக்கிற வீட்டுக்கார முசியோவும் கோல்ஃப்காரர்தான். உங்களுக்குப் பலன்ஸ் இல்லை. அதுதான் விழுறியள்."

"அதுக்கு என்ன செய்யிறது?"

"ரெண்டு கையிலையும் ஒரேயளவு பாரம் தூக்கிப் படியேறவேணுமாம்."

எங்கள் அறை ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு கையில் அரிசி, மறு கையில் கிழங்கும் வெங்காயமும். நாக்குத் தள்ள ஏறினேன்.

"இனி ஈரப் பெட்சீற்றைப் பிழியுங்கோ. காலைத் தோள் அகலத்துக்கு வையுங்கோ. இடுப்பை வலப்பக்கம் திருப்பி, பாரத்தை மெதுவாய் இடக்காலுக்குக் கொண்டு வாங்கோ. அவசரப்பட்டால் விழுவியள்."

பிழிந்தேன்.

"இப்ப இடக்காலிலை நிண்டு கோப்பை கழுவுங்கோ. அடிச்சு முடிய முழுப்பாரமும் அந்தக் காலிலைதான் நிக்குமாம்."

இங்கேதான் என் மானம் விழித்துக்கொண்டது. "கலா, அங்கை கழுவிறது சம்பளத்துக்கு. வீட்டிலை ஆம்பிளை கோப்பை கழுவிறதே?"

"இது கழுவிறதில்லையப்பா. பயிற்சி."

பயிற்சி என்றால் சரி. நான் கொக்கு மாதிரி நின்று கழுவினேன். அவள் கதிரையில் சாய்ந்து, காலைப் பெட்டிமேல் நீட்டியபடி சொல்லித் தந்தாள்.

"தலையை ஆட்டாதையுங்கோ. முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கோ. அந்தச் சட்டியின்ரை அடி இன்னும் கறுப்பு."

ஆனால் அவள் முகம் வெளுத்திருந்தது. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். ஊரில் யாருக்கும் ஏதுமோ என்று எனக்குப் பயம். கேட்டால் மீன் பழசு என்பாள். அதற்குமேல் கேட்கத் துணிவில்லை.

போன திங்கட்கிழமை மைதானத்தில் நின்றேன். திரும்பினேன். மெதுவாக வீசினேன். பந்து போனது. நான் நின்றேன், இடக்காலில், ஆடாமல் அசையாமல். வின்சன்ற் திறந்த வாயை மூடவில்லை.

ஐந்து மாடியும் ஓடி ஏறினேன்.

"கலா, விழேல்லை! பயிற்சி முடிஞ்சுது. இனிச் சட்டியைத் தொடமாட்டன். உம்மடை முசியோவோடை ஒருநாள் விளையாடவேணும்!"

"அவர் பாரிசவாதத்திலை படுத்து ரெண்டு வருசம். பாவம், கட்டிலிலை கிடந்து கோல்ஃப் கதைதான் கதைப்பார்."

"அவரே கோப்பை கழுவச் சொன்னவர்?"

"அதுவும் பாரம் தூக்கிறதும் நான் சேர்த்தது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"மூண்டு மாசம் முடிஞ்சுது. பாரம் தூக்கக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் லா சப்பல் முழுக்கச் சொல்லுவியள். மூண்டு மாசம் முடியமுதல் ஆரின்ரை கண்ணும் படக்கூடாது. இந்த முறையும்..."

அவள் அழுதாள். நானும் அழுதேன். அழுது முடிய மூக்கைச் சிந்திக்கொண்டு, வெற்றி வீரன் மாதிரிக் கதிரையில் உட்காரப் போனேன்.

"எங்கை இருக்கிறியள்? தொட்டியிலை சட்டி கிடக்கு. இனி வலக்காலிலை பழகுங்கோ. இன்னும் ஆறு மாசம் இருக்கு."