மரியாதை தாங்காத கனெக்‌ஷன்

அளவுக்கு மீறிய மரியாதையால் வேலைக்கு உலை வைத்துக்கொள்ளப் பார்த்த ஒரே சாஃப்ட்வேர் இன்ஜினியர் நானாகத்தான் இருப்பேன். மேனேஜரைத் திட்டி வேலையை இழந்தவர்களைத் தெரியும். நான் யாரையும் திட்டவில்லை. ரொம்ப நல்லபடியாக நடந்துகொண்டேன். வம்பே அங்கேதான்.

போன வருடம் நடந்தது. கொடைக்கானல் பஜாரில் எங்களுக்குக் கடை. தைலம், சாக்லேட், தேன் என்று கீழே என் வீட்டுக்காரர் வியாபாரம் பார்ப்பார். நான் மாடியில் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு சென்னை கம்பெனிக்கு கம்ப்யூட்டர் கோடு எழுதுவேன். சுகமான பிழைப்பு. திடீரென்று எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. மகள் இங்கே பள்ளிக்கூடத்தில், வீட்டுக்காரர் இங்கே கடையில், நான் மட்டும் சென்னையில் ஏதோ ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வேர்த்து வடிந்துகொண்டு... நடக்கிற காரியமா?

மேனேஜர் சுகந்தி மேடத்திடம் கெஞ்சினேன். நல்லவர்தான், ஆனால் அதை அவ்வளவு சீக்கிரம் வெளியே காட்ட மாட்டார்.

"ஒரு வேலை தர்றேன் நூர்ஜஹான். நம்ம கான்டெக்ஸ்ட் டூலை டெஸ்க்டாப் ஏஐயோட இணைச்சு, திங்கட்கிழமை டீம் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சுன்னா மலையிலேயே இருங்க. இல்லைன்னா பெட்டியைக் கட்டுங்க."

விஷயம் இவ்வளவுதான். கோடு எழுத உதவும் அந்த ஏஐ, என் லேப்டாப்பில் விண்டோஸ் பக்கம் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை, ஆனால் எங்கள் கம்பெனியின் பூர்வீகம் எதுவும் அதற்குத் தெரியாது. பழைய கோடில் யார், எதை, எதற்காக மாற்றினார்கள் என்பதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது கான்டெக்ஸ்ட் டூல். அது லினக்ஸில் மட்டும்தான் ஓடும். அந்த லினக்ஸும் அதே லேப்டாப்பில்தான் குடியிருக்கிறது (ஒரே வீட்டில் மாடி போர்ஷன் மாதிரி). நடுவில் ஒரு கதவைத் திறந்துவிட்டால் போதும். ஏஐ கேட்கும், டூல் எடுத்துக் கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கதவோடு மல்லுக்கட்டினேன். கோப்பு இருக்கும் இடத்தைக் குறிக்க விண்டோஸில் ஒரு சாய்வுக்கோடு போட வேண்டும், லினக்ஸில் அதற்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். நானும் இரண்டு பக்கமும் சாய்ந்து பார்த்தேன். சாயங்காலம் ஒருவழியாக, இணைந்துவிட்டது என்று பச்சைப் புள்ளி எரிந்தது. நான் போட்ட சத்தத்தில், கீழே தேன் ருசி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கரண்டியை நழுவவிட்டுவிட்டாராம்.

என்னமோ ஏதோ என்று வீட்டுக்காரர் மேலே ஓடி வந்தார். லினக்ஸின் கறுப்புத் திரையைக் குனிந்து பார்த்தார்.

"வெள்ளனே இருந்து இதுக்குத்தானா இம்புட்டுச் சோலி? ஏன் புள்ள, இப்படிப் பேச்சுமூச்சு இல்லாமக் கெடக்கு? நாலு பேரு வந்து போற எடமா இது?"

நியாயமாகத்தான் பட்டது. அவர் சொன்ன குறையை இரண்டு நிமிடத்தில் சரிசெய்து லேப்டாப்பை மூடினேன். மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேனா? பார்க்கவில்லை. ஜெயித்தவளுக்கு எதற்குச் சோதனை என்ற திமிர்.

திங்கட்கிழமை டீம் மொத்தமும் திரையில் கூடியது. "வேலைக்கு இடம் ஒரு தடையே இல்லை" என்று மேடைப் பேச்சாளர் கணக்காக ஆரம்பித்து, பட்டனை அமுக்கினேன். சிவப்பு. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடி சிவப்பு. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடை தெரியாத அளவுக்கு மேகம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இங்க மேகம் இறங்கியிருக்கு மேடம். நெட் கொஞ்சம் அப்படித்தான்..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மலையில் இருந்தால் வேலை நடக்காது என்று எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லியிருக்கிறேன்!

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏஐயும் உங்க லேப்டாப்ல. டூலும் உங்க லேப்டாப்ல. மேகம் லேப்டாப்புக்குள்ளயா இறங்கியிருக்கு? லாகைத் திறங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

என்ன நடந்தது என்று கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பதிவு அது. திறந்தேன். வரிசையாக ஆங்கிலத்தில் பிழைகள். நட்டநடுவில் ஒரே ஒரு தமிழ் வரி. சுகந்தி மேடம் செய்தி வாசிப்பவர் குரலில் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"வாங்க வாங்க! உக்காருங்க. சாப்ட்டீங்களா?"

புனேயிலிருந்து ஒரு பையன், அது வைரஸா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

வைரஸ் இல்லை, நான்தான். லினக்ஸ் கதவு திறந்ததும் முதலில் ஓடும் கோப்பில் அந்த வரியை எழுதிவைத்திருந்தேன். எங்கள் வீட்டில் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம்கூட அதைக் கேட்காமல் அடுத்த பேச்சு கிடையாது. ஆனால் இந்த இரண்டு மெஷின்களும் தங்களுக்குள் ஒரு கறாரான முறையில்தான் பேசிக்கொள்ளும். முதல் வார்த்தையே அந்த முறையில் இருக்க வேண்டும். ஏஐ ஒவ்வொரு தடவையும் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. உள்ளேயிருந்து சாப்பிட்டாயா என்று குரல் வந்ததும் அரண்டுபோய்த் திரும்பி ஓடியிருக்கிறது.

"எதுக்கு இந்த வரி?" என்றார் மேடம்.

"ஒரு மரியாதைக்கு மேடம்."

"யாருக்கு?"

"வர்றவங்களுக்கு."

ஹாஸ்டல் கட்டில் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அந்த வரியை அழித்துவிட்டு, பட்டனை அமுக்கினேன். பச்சை! எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர் போடும் பில்லில் சில சமயம் ஜிஎஸ்டி ஏன் இரண்டு தடவை சேர்கிறது என்று ஏஐயிடம் கேட்டேன். டீமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்வி அது. டூல் ஏதோ பழைய மாற்றத்தைத் தோண்டிக் கொடுக்க, பிழை எந்தக் கோப்பில் இருக்கிறது என்று ஏஐ விரலை வைத்துக் காட்டியது.

மேடம் அந்தக் கோப்பின் பெயரைக் குறித்துக்கொண்டார். பிறகு, "மலையிலேயே இருங்க. ஆனா இனிமே யார் வந்தாலும் அந்த டூல் வாயைத் திறக்கக் கூடாது" என்றார். நான் மைக்கை அணைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் சோறு போடும்போது மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு வந்ததே கோபம்.

"சாப்ட்டியான்னு கேட்டதுக்கா ஓடுச்சு? என்னத்தா பழக்கம் அது? நல்ல எடத்துல பொறந்த மெஷினா இருக்காது."

இன்றுவரை அந்த ஏஐ மேல் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆபீசில் அந்தப் பிழைக்குப் பெயரே 'சாப்ட்டீங்களா எரர்' என்றாகிவிட்டது. தமிழில் வேறு ஒரு வார்த்தை தெரியாத புனே பையன், அதை மட்டும் திருத்தமாகச் சொல்வான்.

வீட்டில் கதை வேறு மாதிரி நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் என்றால், அவர் கடையிலிருந்து வரும்போது நான் வாயே திறப்பதில்லை. அவரும் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். குல்லாயைக் கழற்றிக்கொண்டே, உள்ளே இருக்கும் அவருடைய அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வார்.

"அம்மா, இன்னைக்கு கனெக்‌ஷன் சுத்தமா கெடக்கு. தேவையில்லாம ஒரு வார்த்தை வரல!"

சிரிப்பை அடக்கத்தான் பார்க்கிறேன். முடிவதில்லை. சிரித்த பிறகு என்ன செய்வது, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிடுகிறேன். அவர் ஓடுவதில்லை.